வெள்ளிக் காது

பத்து காஜா,
ஜனவரி 10, சனிக்கிழமை.

தம்பி யுகேந்திரனுக்கு, அன்புடன் அக்கா எழுதுவது.

இல்லை, நிற்கவில்லை. ஒரு நாள்கூட நிற்கவில்லை.

நேற்று நீ தொலைபேசியில் கேட்டபோது வேறு பதில் சொன்னேன். ஆகஸ்டிலிருந்து அந்தப் பதிலைத்தான் சொல்லிவருகிறேன். சுத்தமாகப் போய்விட்டது என்று. நீ சிரித்தாய். முருகா என்றாய். உன் பின்னால் யாரோ சட்டி கழுவும் சத்தம் கேட்டது. உன் சிரிப்புக்கும் அந்தச் சட்டிக்கும் நடுவில், என் இடது காதில், அந்த ரீங்காரம் இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

இதைப் போனில் சொல்ல முடியாது. உன் குரல் மாறுவதைக் கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். வாட்சாப்பில் எழுதினால் படித்த அடுத்த நிமிடம் அழைப்பாய். அதனால் தாள். பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் தேர்வுக்காக எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கவேண்டும். பேனா அங்கே போகவில்லை.

இன்று உன் விரதத்தின் இருபத்தேழாவது நாள். அம்மா நாட்காட்டியில் தினமும் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுகிறார். தைப்பூசத்துக்கு இருபத்திரண்டு வட்டம் பாக்கி. அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வரத்துக்காக நீ முதுகில் அலகு குத்திக் காவடி எடுக்கப் போகிறாயோ, அந்த வரம் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று சொன்னது நான்.

அது எப்படி இருக்கும் என்று நீ எப்போதும் கேட்பாய். ஙொய்னு இருக்கும்லா என்று முடித்துவிடுவேன். இப்போது சரியாகச் சொல்லிப் பார்க்கிறேன். அப்பா ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிவந்தாரே. படம் வராது. குரல் வராது. ஆனாலும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அடுத்த அறையில் இருந்தாலே தெரியும். மெல்லிய ஒரு கோடு. அந்தக் கோடுதான். யாரோ பேனாவை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போகிறார். சில நாள் அழுத்தி இழுக்கிறார்.

குளிக்கும்போது மறைகிறது. மறைகிறது என்பதும் சரியில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் காத்திருக்கிறது. குழாயை மூடும் அந்த ஒரு நொடி எனக்குப் பிடிக்காது. மூடாமல் நின்ற நாள்கள் உண்டு. தண்ணி பில்லு மேல போன உங்கப்பனா வந்து கட்டுவாரு என்று அம்மா கதவைத் தட்டுவார்.

சரியாகிவிட்டது என்று சொன்ன மறுநாள் அம்மா என் தலைமாட்டில் இருந்த வானொலியை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டார். எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, அந்த உஸ்ஸென்ற இரைச்சலில்தான் பத்து மாதம் தூங்கியிருந்தேன். காது சரியான பெண்ணுக்கு அது எதற்கு? கொடுங்கள் என்று கேட்க என்னிடம் காரணம் இல்லை.

செப்டம்பரில் ஈப்போ கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். ஐந்து மாதமாகக் காத்திருந்த என் முறை வந்துவிட்டது. காதுக்குள் வைக்கும் ஒரு சிறிய கருவி. தூரத்து மழை போன்ற ஓர் இரைச்சலை ஊட்டிக்கொண்டே இருக்குமாம். மூளை மெல்ல மற்றதை மறக்கப் பழகுமாம். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. செவ்வாய்க்கிழமை வர முடியுமா என்று கேட்டாள் அழைத்த பெண். அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.


ஞாயிற்றுக்கிழமை, 11.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஏன் சொன்னாய் என்று நீ கேட்பாய்.

கோகிலனைக் கோபித்துக்கொள்ளாதே. உன்னோடு ஒரே அறையில் இருக்கிறான், ஒரே பட்டறையில் வேலை செய்கிறான், நீ பேசாமல் இருந்தால் அவனுக்குத்தான் கஷ்டம். அவன் ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம் என்னை அழைத்தான். முதலில் மழையைப் பற்றிப் பேசினான். வேலைக்குப் போகும் பாலத்தில் மோட்டார் சைக்கிள் நெரிசலைப் பற்றிப் பேசினான். பிறகு சொன்னான்.

"நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிறாதீங்கக்கா. கிரைண்டர் பக்கத்துலதான் நிக்கிறான், காதுல ப்ளக் போட மாட்டேங்கிறான். சூப்பர்வைசர் வந்தா மட்டும் செருகிக்கிறான். போடுடான்னா, அக்கா கேக்குறது என்னான்னு எனக்கும் தெரியணும்லா அப்டிங்கிறான்."

கப்பல் பட்டறை. இரும்பை இரும்பால் தேய்க்கும் இடம். நீ அங்கே காதடைப்பு இல்லாமல் வெறும் காதோடு நிற்கிறாய். எனக்காக.

நான்கு நாள் யோசித்தேன். திட்டினால் சரிக்கா என்பாய், செய்யமாட்டாய். அழுதால் இன்னும் மோசம். அம்மாவிடம் சொன்னால் அன்று இரவே ஜோகூர் பஸ் ஏறிவிடுவார். வியாழக்கிழமை மாலை நீ வழக்கம்போல் அழைத்தாய். வழக்கம்போல் கேட்டாய். போயிருச்சுடா என்று என் வாய் சொல்லிவிட்டது. எப்போது என்றாய். திங்கட்கிழமை காலையில் எழுந்தேன், இல்லை என்றேன். திங்கட்கிழமை என்று ஒரு நாளைக்கூட வைத்தேன். அதுதான் நம்பவைத்தது என்று நினைக்கிறேன்.

நீ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவிடம் கொடு என்றாய்.

அடுத்த வாரம் கோகிலன் செய்தி அனுப்பினான். போடுறான்க்கா, ரெண்டு காதுலயும். கீழே ஒரு கட்டைவிரல் படம்.

இதற்காக அந்தப் பொய்யை இன்னொரு தடவைகூடச் சொல்வேன். ஆனால் நம் வீட்டில் நோய் சும்மா போகாது என்பதை மறந்துவிட்டேன். போனால் யாரோ போக்கியிருக்க வேண்டும். அவருக்குச் செலுத்தவேண்டியது இருக்கும். நீ வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. என் காது இப்படியான அந்தத் தீபாவளி முடிந்து நீ ஜோகூர் திரும்பிய அன்று மஞ்சள் துணியில் நாணயம் முடிந்து சாமி மாடத்தில் வைத்தாராம். அக்கா காது சரியானால் முதுகில் அலகு, கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி. நீ போனை வைத்த பிறகு அம்மா என்னைச் சாமி மாடத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய் அந்த முடிச்சைக் காட்டினார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தோஷத்தில். நான் திருநீறு பூசிக்கொண்டேன்.

வேண்டுதல் பலித்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த பூசத்துக்கே செலுத்திவிட வேண்டும். இதில் அம்மாவிடம் யாரும் பேச முடியாது. பக்கத்து வீட்டு இருளாயி அக்கா ஏதோ வேண்டுதலை மூன்று வருடம் மறந்திருந்ததையும், பிறகு அவர் மகன் கைமுறிந்ததையும் அம்மா எனக்கு நான்கு தடவை சொல்லிவிட்டார்.

நீயும் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாய். வேலையில் விடுப்பு. கோப்பெங் ஊர்ப் பையன்களின் உருமி மேளம், பன்னிரண்டு பேர். நீ முன்பு அவர்களோடு அடித்தவன். ஒரு வருடமாக உருமியைத் தொடவில்லை என்று கோகிலன் சொன்னான். இப்போது உனக்காக அவர்கள் அடிக்கப் போகிறார்கள். டிசம்பரில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அக்கா, நீதான் முன்னாடி நடக்கணும். உன் காதுக்குத்தான்லா அடிக்கிறாங்க."

பன்னிரண்டு உருமி. நான் முன்னால்.

அன்றிலிருந்து ஒரு மாதமாக நான் போகாமல் இருக்கக் காய்ச்சல் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


செவ்வாய்க்கிழமை, 13.

நேற்று எழுதவில்லை. ஷிஃப்ட் இருந்தது. அது காரணம் இல்லை.

இதுவரை எழுதியது பாதி. மீதியை எழுதாமல் ஒட்டிவிடலாமா என்று பார்த்தேன். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. தம்பிக்காகப் பொய் சொன்ன அக்கா. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த மாதத் தொடக்கத்தில் அம்மா ஈப்போவுக்குப் போய்ப் பழனியப்பன் நகைக்கடையில் காணிக்கைக்கு வெள்ளிக் காது கேட்டார். உனக்குச் சொல்லியிருப்பார். கண் இருந்தது. கை, கால் இருந்தது. தொட்டில்கூட இருந்தது. காது இல்லை. யாரும் கேட்பதில்லையாம், அதற்கு அச்சே கிடையாதாம். அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் பழனியப்பன் தன் காதைக் கண்ணாடியில் பார்த்து வரைந்து தகட்டில் வெட்டித் தந்தார். மடல் தொங்கும் பெரிய காது. நாம் முருகனுக்குச் செலுத்தப் போவது பழனியப்பன் காதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெட்டுவதற்கு முன் இடமா, வலமா என்று அவர் கேட்டிருக்கிறார். அம்மா கடையிலிருந்தே என்னை அழைத்தார். நான் வேலையில் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

"எந்தக் காதுடி?"

இடது என்றேன்.

இரண்டும், தம்பி. இரண்டு காதும்.

சென்ற ஆண்டு மார்ச்சில் கிளினிக்கில் என்னை ஒரு பெட்டி போன்ற அறையில் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். உள்ளே அவ்வளவு அமைதி. அதனால் என்னுடையது பெரிதாகக் கேட்டது. எது அவர்கள் அனுப்பும் ஒலி, எது என் ஒலி என்று தெரியவில்லை. என் ஒலிக்கே நான் இரண்டு மூன்று தடவை அழுத்தினேன். பிறகு டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். இரண்டு கோடுகள். சிவப்பு வலது, நீலம் இடது. சமமாகவே வந்து, ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றாகப் பள்ளத்தில் இறங்கின.

உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

கையுறைத் தொழிற்சாலை என்றேன். ஆறு வருடம். பேக்கிங்குக்குப் போகும் முன் லைனில். அச்சுக் கைகள் வரிசையாகச் சங்கிலியில் வரும், ரப்பர் பாலில் முங்கும், அடுப்புக்குள் போகும், காற்று பீய்ச்சிக் கையுறையைக் கழற்றும். அந்தக் காற்றடிக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம். ப்ளக் கொடுப்பார்களா என்றார். கொடுப்பார்கள். போடுவீர்களா என்றார்.

நான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். தலையில் மாட்டும் வலைத்தொப்பியின் கீழே ஒரு காதில் பாட்டு ஓடும். அடுத்த மாதம் இன்னொரு காது. எல்லாப் பெண்களும் அப்படித்தான். அந்த இரைச்சலையும் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும் என்றால் எவ்வளவு உயரத்தில் வைக்கவேண்டும் என்று நீயே யோசி.

இன்னொன்று. உன் தீபாவளி வெடிக்கு முன்பே அது இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து தலையணையில் சாய்ந்தால் மெல்லியதாக. காலையில் போய்விடும். இரண்டு வருடமாக. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தத் தீபாவளிக் காலை உனக்கு மறக்காது. ஈரத் தலையோடு வாசலில் கோலத்துக்குக் குனிந்திருந்தேன். நீ பின்னால் வந்து ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டாய். சின்ன வயதிலிருந்து வருடா வருடம் நீ செய்வதுதான். நான் துரத்துவேன், நீ தாமான் தெரு முனைவரை ஓடுவாய். அன்று எழுந்தேன், சிரித்தேன், என் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை. உன் முகம் வெளுத்துப்போனது. அதன் பிறகு அது போகவே இல்லை. அதுவும் உண்மைதான்.

வெடியாலா என்று டாக்டரிடம் கேட்டேன். கொஞ்சம் சேர்த்திருக்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம் என்றார். ஒரு வெடி இரண்டு காதையும் இப்படி ஒரே அளவில் இறக்காது என்றார். இது வருடக்கணக்கில் வந்தது என்றார்.

பத்து மாதமாக இந்த வாக்கியம் என்னிடம் இருக்கிறது.

ஆகஸ்டில் கோகிலன் அழைத்தபோது உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு பதில்கள் இருந்தன. உன் வெடியால் இல்லைடா, என் வேலையால் வந்தது என்பது ஒன்று. சரியாகிவிட்டது என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்லியிருந்தாலும் நீ ப்ளக்கைப் போட்டிருப்பாய். அது உண்மையும்கூட. நான் இரண்டாவதைச் சொன்னேன்.

ஏன் என்று நானும் யோசித்தேன். நீ செய்தது என்று இருக்கும்வரை எனக்குக் கோபப்பட ஓர் ஆள் இருந்தான். நல்ல ஆள், அழுகிற ஆள், தினமும் அழைத்து எப்படி இருக்கிறது என்று கேட்கிற ஆள். அது இல்லையென்றால் மிஞ்சுவது ஒரு சங்கிலியும், சட்டைப்பையில் இரண்டு ஆரஞ்சு நிறப் பஞ்சும், ஒரு பாட்டும். அவற்றிடம் நான் என்ன கேட்பேன்?

எழுதிவிட்டேன். கை வலிக்கிறது.


வியாழக்கிழமை, 15. பொங்கல்.

காலையில் பால் பொங்கியது. வாசலில் கேஸ் அடுப்பை வைத்து அம்மா பித்தளைப் பானையை ஏற்றினார். பொங்கும் முன் பானை ஒரு சத்தம் போடுமே, மெல்லிய சீழ்க்கை மாதிரி. அது என்னுடையதோடு ஒரே சுருதியில் சேர்ந்தது. இரண்டும் ஒன்றாயின. ஒரு நிமிடம் என் காதில் உள்ளது வெளியில், பானைக்குள் இருந்தது. பிறகு பால் வழிந்தது, அம்மா குரல் கொடுத்தார், இருளாயி அக்காவும் அவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். பானை அடங்கியது. என்னுடையது திரும்பி உள்ளே வந்தது.

நீ சர்க்கரைப் பொங்கலாவது சாப்பிட்டாயா? விரதத்தில் ஒரு வேளைதான் என்று அம்மா சொன்னார். மெலிந்துவிட்டாய் என்று உன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்.

இனி சரியாகுமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், இருளாயி அக்கா கொடுத்தது. காது மணத்தது, வேறொன்றும் இல்லை. ஈப்போ பழைய நகரத்துச் சீன வைத்தியர், சின்சே, காதுக்குப் பின்னால் ஆறு ஊசி குத்தினார், ஒன்பது வாரம். அவர் நல்ல மனிதர். ஒவ்வொரு வாரமும் போய்விட்டதா என்று கேட்கும்போது என் பதில் அவரைக் கஷ்டப்படுத்தியது. அவருக்காகக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொன்னேன். பார், அங்கேயும் பொய்.

தினமும் கைப்பேசியில் தேடுகிறேன். ஐந்து வருடத்தில் மருந்து வந்துவிடும் என்று ஒரு கட்டுரை. ஆசையாகப் படித்துவிட்டுக் கீழே பார்த்தால் தேதி பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. நாக்கில் மெல்லிய மின்சாரம் வைத்துக்கொண்டு காதில் ஒலி கேட்கும் ஒரு கருவி வெளிநாட்டில் இருக்கிறதாம். பாதிப் பேருக்குக் குறைகிறது என்கிறார்கள், மீதிப் பாதி கோபமாக எழுதுகிறார்கள். எங்கோ எலிகளின் காதில் செத்துப்போன மயிரிழைகளை மறுபடி முளைக்கவைக்கப் பார்க்கிறார்கள். அந்த எலிகளைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். அவற்றுக்கும் இது கேட்குமா, கேட்டால் யாரிடம் சொல்லும்?

மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்டபோது மலாயில் பெலும் என்றார். இன்னும் இல்லை. இல்லவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பேருந்தில் வரும்போது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஒரே ஒரு தடவை நின்றிருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை. யாரோ ஒருவரின் காணொளி. இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி, பின்னந்தலையில் விரல்களால் ஐம்பது தடவை தட்டவேண்டும். தட்டிவிட்டுக் கையை எடுத்தேன். இல்லை. நிஜமாகவே இல்லை. நாற்பது நொடி இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்த நாற்பது நொடியில் சமையலறையில் அம்மா தனக்குத்தானே ஏதோ முனகிக்கொண்டு தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அதைக் கேட்கக் காதில் மறுபடி ஓர் இடம் வேண்டும் என்றுதான் எல்லாம். பிறகு எத்தனையோ தடவை தட்டிவிட்டேன். வரவில்லை.

ஆகவே நம்பிக்கை இருக்கிறது தம்பி. உன் நம்பிக்கை மாதிரி கையும் காலும் உள்ளதல்ல. ஆனால் இருக்கிறது. கிளினிக்கை நானே அழைத்து, ராங் நம்பர் சொன்னது நான்தான் என்று சொல்லி மறுபடி வரிசையில் நிற்கப் போகிறேன். அதற்கு இந்த வீட்டில் என் காது நோயுள்ள காதாக இருக்கவேண்டும்.

இனி உன்னைப் பற்றி.

நீ என்மீது கோபப்படலாம். படவேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் உன் தலையில் இல்லாத ஒன்றைச் சுமக்கவைத்தேன். உருமியை விட்டாய். சென்ற தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை, ஓவர்டைம் என்றாய். வெடிச் சத்தம் கேட்கிற இடத்தில் உன்னால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நானும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். ஒரே காரணத்துக்காக இரண்டு ஊரில் இரண்டு பேர்.

காவடி வேண்டாம். சாமி தராததற்கு உன் முதுகைக் கொடுக்காதே. கோப்பெங் பையன்களிடம் வேறு யாருக்காவது அடிக்கச் சொல். ஆனால் விடுப்பை ரத்து செய்யாதே. வா. இருபத்தேழோ நாற்பதோ, நீ இருந்த விரதம் வீணாகாது, அதற்கு ஏதாவது கணக்கு அம்மா வைத்திருப்பார். விடியும் முன் மேளக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே ஒரு சிறிய பால்குடத்தோடு நடந்துவிடலாம். யார் எடுப்பது என்று வழியில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு ஜோடி ப்ளக் வைத்திருக்கிறேன். எங்கள் தொழிற்சாலையுடையது, ஆரஞ்சு நிறம், உருட்டிச் செருகினால் உள்ளே விரியும். ஒன்று பூசத்துக்கு. நான் முன்னால் நடக்கிறேன், நானும் போட்டுக்கொள்வேன். மற்றது, நீ இதைப் படித்து முடித்த பிறகு வரும் முதல் ஷிஃப்டுக்கு. படித்ததும் அதைப் போடமாட்டேன் என்று உனக்குத் தோன்றும். அக்கா ஏமாற்றினாள் என்று தோன்றும். தோன்றட்டும். அந்தக் கோபத்தோடேயே இரண்டு காதிலும் செருகிக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் போய் நில். நான் யாரிடமும் எதுவும் வேண்டிக்கொண்டதில்லை. உன்னிடம் இதை வேண்டிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் காதில் நல்லது மட்டும் விழட்டும்.

உன் அக்கா,
தினேஸ்வரி.


தாளின் பின்புறம். சனிக்கிழமை, 17.

நேற்று மாலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், மார்ச் உட்பட. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தபடி, "அப்போ அந்த ராங் நம்பரு?" என்று கேட்டார். கிளினிக் என்றேன். தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயத்தால் இல்லை. பிறகு எழுந்துபோய் வானொலியைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்து, முள்ளைத் திருப்பித் திருப்பி அந்த இரைச்சலைக் கண்டுபிடித்தார்.

உன் காவடியைப் பற்றிக் கேட்டேன். வேண்டுதல் பலிக்கவில்லை என்றால் அது அப்படியே நிற்கிறது, அவசரம் இல்லை என்றார். மஞ்சள் துணியை அவிழ்க்கவில்லை. வெள்ளிக் காதை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தக் காத வச்சிக்கிட்டு அவருதான் என்னா செய்வாரு? ரெண்டையும் முன்னாடியே குடுத்துக் கேப்போம்."

இன்று காலை ஈப்போவுக்குப் பஸ் ஏறி, பழனியப்பன் கடையில் வலது காது ஒன்று வேண்டும் என்று சொன்னேன். அவர் தன் வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். கடைப் பெண்ணிடம் பேனா இரவல் வாங்கி, கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்து இதை எழுதுகிறேன். இனி உறையை ஒட்டித் தபால் நிலையத்துக்கு நடக்கவேண்டும்.